கணவாயில் போட்டுப் போன விறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மாயவரம் பக்கம். வந்து ஒரு வருஷமாகியும் அங்கே யார் வீட்டுப் படியையும் மிதித்ததில்லை. ஷிப்டு முடிந்தால் மெஸ், மெஸ்ஸை விட்டால் அறை. ஞாயிற்றுக்கிழமையை எப்படி ஓட்டுவது என்று சனிக்கிழமையே பயம் பிடித்துக்கொள்ளும். அப்படி இருக்கையில் பக்கத்து மெஷின்காரன் தன் ஊர்ப் பண்டிகைக்குக் கூப்பிட்டான். கூப்பிட்டதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு.

அவன் ஊர் கணவாய்க்கு அந்தப் பக்கம். பஸ் கிடையாது.

"ஒண்டியா மட்டும் ஏறாதீங்கண்ணா, ஆனை நடமாட்டம் இருக்குது. காட்டோரம் நில்லுங்க. வெறவுக்குப் போறவங்க வருவாங்க, சேந்துக்குங்க" என்றான்.

இருந்ததில் நல்ல உடுப்பு கம்பெனி கொடுத்த காக்கிதான். அதைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கவே போவார்கள் எங்கள் ஆட்கள். நானும் இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கெலமங்கலம் வழியாகப் போய்க் காட்டோரம் இறங்கி நின்றேன். தூரத்தில் நாலைந்து பெண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரிதான் போங்கள் என்று தனியாகவே நடந்தேன்.

மூங்கிலுக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதை. முன்னால் தெலுங்கும் கன்னடமுமாகப் பேச்சு கேட்கும், சிரிப்பு கேட்கும். நான் வளைவு திரும்பினால் ஒரு ஆளும் இருக்காது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன். யானை லத்தி ஈரம் காயாமல் கிடந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. மனுஷனைக் கண்டு இப்படியா ஒளிவார்கள்?

கணவாயில் ஒரு பெண் விறகுச் சுமையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே போட்டுவிட்டாள்.

"காஞ்ச வெறவுதான் பாரஸ்ட்டு கார்டு சார், உட்டுடுங்க சார்!"

சொல்லிக்கொண்டே அந்தப் பக்கச் சரிவில் இறங்கி ஓடினாள். அப்போதுதான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

கழற்றிச் சுருட்டிச் சும்மாடாக்கி, அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பனியனோடு இறங்கினேன். கழுத்து இற்றுப்போயிற்று. ஆனாலும் இதை அவளிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னால் ஊரே சிரிக்கும், நானும் கூட உட்கார்ந்து சிரிக்கலாம் என்று ஆசையாக இருந்தது.

நண்பன் வயிறு வலிக்கச் சிரித்தான். கோயில் முன்னால் கூடியிருந்தவர்களிடம், "இது யாருதுங்க? இவரு கம்பெனியில எங்கூட வேலை செய்யறவரு, பயப்படாதீங்க" என்றான். கூட்டம் மெல்ல விலகி நகர்ந்தது. நான் இறக்கிவைத்த சுமை வேப்பமரத்தடியிலேயே கிடந்தது.

பந்தியில் களியும் கறிக்குழம்பும். பரிமாறிக்கொண்டு வந்தது அவளேதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா, உங்க விறகு அங்க இருக்கு. எடுத்துக்குங்க."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் காட்டுப் பக்கமே போறதில்லீங்க சார்."

குனிந்து இரண்டு கரண்டி கறி அதிகமாகவே போட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அந்தப் பந்தியிலேயே என் இலையில் மட்டும்தான் கறி குவிந்திருந்தது. கார்டு சாருக்கான பங்கு அது.