அப்பா சப்பாத்தைக் கழற்றிய இடம்

ஒன்பது வயதில் என்னைப்போல ஒரு மானரோசக்காரி லண்டன் இல்ஃபோர்ட்டிலேயே இருந்திருக்க மாட்டாள். பள்ளிக்கு மதியச் சாப்பாடாக இடியப்பம் கட்டித் தந்தாலே அம்மாவோடு இரண்டு நாள் கதைக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் 2009 வைகாசியில் அப்பாவை நச்சரித்தேன். வகுப்போடு ஓவியக்கூடம் பார்க்கப் போவதற்கு ஒரு பெரியவர் குறைகிறார் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஆள் வந்தால் என் வீட்டிலிருந்தும் வர வேண்டும். அப்பா சம்மதித்தார்.

இலங்கையில், வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அதற்குள் அகப்பட்டிருந்தார். அவருடைய தொலைபேசி அழைப்புக்காக வீடே மாதக்கணக்கில் காத்திருந்தது. அந்தக் கிழமை சாமித்தட்டில் விளக்குக்கூட எரியவில்லை. கேட்டதற்கு, எண்ணெய் முடிந்துவிட்டது என்றார் அம்மா. நானும் நம்பினேன்.

போகிற அன்று அப்பா முகத்தில் நாலு நாள் தாடி. "ஷேவ் எடுத்திருக்கலாம்தானே" என்று சிணுங்கினேன்.

"ஓம் பிள்ளை, எடுத்திருக்கலாம்" என்றார்.

ஓவியக்கூடத்தில் ஒரு சுவர் நிறைய ஓர் இருட்டுப் படம். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஐரோப்பியக் கிராமத்தில் இரவுத் திருவிழா. தீப்பந்தங்களுக்கு நடுவே மாதா சொரூபத்தைச் சுமந்து வருகிறார்கள். சனம் மண்ணில் முழந்தாளிட்டிருக்கிறது. ஓரத்தில் ஒரு பெடியன் தன் தம்பியைத் தோளில் ஏற்றி வைத்திருக்கிறான். அந்தக் காலத்து ஓவியர்களுக்கு இரவும் நெருப்பும் பக்தியும் என்றால் உயிர் என்று சொல்லிவிட்டு ஆசிரியை நகர, வகுப்பும் பின்னால் போனது. அப்பா அசையவில்லை.

"மடுத் திருவிழாவுக்குப் பெரியப்பா என்னை இப்பிடித்தான் தோளிலை வச்சுக்கொண்டு போனவர்" என்றார்.

பிறகு குனிந்து, சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஊரில், மடு மாதா கோயிலில் எங்கள் சைவச் சனமும் நேர்த்தி வைப்பதுண்டுதான். அதற்காக லண்டனில், ஒரு படத்துக்கு முன்னாலா? இடது காலுறையின் ஓட்டையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவர் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா, சப்பாத்தைப் போடுங்கோ" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. வேறு பள்ளிப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஓவியக்கூடக் காவலர் வந்து என்னைத்தான் கேட்டார், இவர் உன்னோடு வந்தவரா என்று. இல்லை, யாரென்று தெரியாது என்றேன். நல்ல சத்தமாகவே சொன்னேன்.

அது அப்பாவுக்குக் கேட்டது. கண்ணைத் திறந்தார். காவலரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ரயிலேறும் வரைக்கும், என்னைத் தெரியாதவர்போலப் பத்தடி தள்ளியே நடந்து வந்தார். எனக்கு ஒத்தாசை செய்கிறாராம். எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

பெரியப்பா இறந்துபோன செய்தி அந்தப் பயணத்துக்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது. எனக்கு அதைச் சொன்னது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகுதான். சாவு விழுந்த துடக்கு வீட்டில் சாமிக்கு விளக்கேற்றுவதில்லை. ஷேவ் எடுப்பதில்லை. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் வாசல் மிதிப்பதில்லை. அண்ணனுக்காகக் கைகூப்ப அப்பாவுக்கு லண்டன் முழுக்க அந்த ஓர் இடம்தான் கிடைத்தது. அங்கே வைத்துத்தான் நான் அவரை யாரென்று தெரியாது என்றேன்.