பன்னிரண்டில் நின்ற முள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லை என்று வாதாடப் போவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், மாத்தளையிலிருந்து தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட வண்டியில் நான் தாதியாக இருந்தேன். அந்தக் கோபம் அங்கே என்ன செய்துவைத்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது ஐரோப்பாவில் யாரோ ஒரு குடும்பம் விடுமுறைக்கு ஓட்டித் திரிந்த வீட்டு வண்டி. பழசான பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் கைக்குப் போய், கப்பலேறி எங்களிடம் வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, ஒரு குட்டி பிரிட்ஜ். கட்டிலில் பிள்ளைகளைக் கிடத்திப் பார்ப்போம். பிரிட்ஜில் ஊசி மருந்து இருக்கும். இஞ்சினுக்கு ஒரு பெட்டரி, பிரிட்ஜுக்கும் விளக்குக்கும் கட்டிலின் அடியில் இன்னொரு பெட்டரி. வண்டி ஓடும்போது இஞ்சின் இரண்டையும் சார்ஜ் பண்ண வேண்டும். அடியில் கிடந்த பெட்டரியின் நிலைமையைச் சொல்ல, கதவோரம் ஒரு வட்ட மீட்டர் இருந்தது. அதில் எட்டிலிருந்து பதினாறு வரை எண்கள், ஒரு முள்.

சாரதி உக்குவளை முஸ்லிம். என் வயதுதான், மரியாதைக்கு, அண்ணன் என்பதுபோல, நானா என்பேன். அந்த மீட்டரை அவர் பார்க்காத நாளில்லை. நான் அதை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை.

எல்கடுவைப் பக்கம் ஊசி என்றாலே தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரசவத்துக்குப் போய் வந்த பிறகுதான், கேட்காமலே கருத்தடை செய்துவிட்டார்கள், இனிப் பிள்ளை பிறக்காது என்று தெரிந்துகொண்ட பெண்களின் கதை எல்லா லயத்திலும் இருந்தது. மேல் லயத்தில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, என்னிடம் முகம் கொடுத்தே பேசமாட்டாள். அவளுக்கும் அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன். கேட்கவில்லை. மாதக்கணக்கில் அவள் வாசலுக்கு நடந்தேன், அவள் ஊற்றிய வெறுந்தேத்தண்ணியைக் குடித்தேன், ஒருநாள் வண்டிக்குக் கூட்டிவந்து பிரிட்ஜுக்குள் கையை விட்டுக் குளிரைப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் இறங்கி வந்தாள். வியாழக்கிழமை கடைக்குட்டிக்கு அம்மை ஊசி, மற்றப் பெண்களையும் தானே அழைத்து வருவதாகச் சொன்னாள். அவள் சொன்னால் லயமே வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மருந்தோடு புறப்பட்டு, முதலில் இரத்தோட்டைப் பக்கம் போனோம். போர்க்காலம், வழியில் செக்பொயின்ட். கட்டிலைத் தூக்கிப் பார்த்த சிப்பாய், கறுப்புப் பெட்டியையும் வயர்களையும் கண்டு, குண்டோ என்று இரண்டடி பின்வாங்கினான். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கேட்கவா வேண்டும்? நானும் நானாவும் சிங்களத்தில் மாறி மாறி விளக்கியும், எல்லா வயரையும் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் போனது. திரும்பப் பூட்டி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய நானா, இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்தார்.

“மிஸ்ஸி, இஞ்சின் ஓடக்கொள்ள முள்ளு பதினாலு கிட்ட நிக்கணும். இது பன்னெண்டத் தாண்டுதில்ல. ஏதோ வயர் புடிக்கல்ல போல. அஞ்சு நிமிஷம் தாங்க.”

“பன்னெண்டு வோல்ட் பெட்டரி பன்னெண்டு காட்டுது. நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளைய ஏன் நானா திரும்பப் பரீட்சைக்கு இருத்துறீங்க? வண்டிய எடுங்க.”

எடுத்தார். புதன்கிழமையும் ஒருமுறை வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வியாழன் காலை எல்கடுவையில் பெண்கள் பிள்ளைகளோடு வரிசையாக நின்றார்கள். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, அரைப் பேர் என்ற அரை நாள் கூலி போனாலும் போகட்டும் என்று வந்தவர்கள். பிரிட்ஜைத் திறந்தேன். குளிரே இல்லை. எட்டைத் தாண்டக் கூடாத வெப்பமானி பதினேழில் நின்றது. மீட்டரின் முள் பத்துக்கு இறங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை பேர் முன்னிலையிலும் நானாவைப் பிடித்துக் கிழித்தேன். பொறுப்பில்லாதவர் என்றேன், இன்னும் சொன்னேன். அவர் கட்டிலைத் தூக்கிக் காட்டினார். இஞ்சினிலிருந்து வரும் வயர் கழன்று தொங்கியது.

“செவ்வாக்கெழம அஞ்சு நிமிஷம் கேட்டேன், மிஸ்ஸி,” என்றார். அவ்வளவுதான்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு மட்டுகூட இல்லை. பன்னிரண்டு வோல்ட் பெட்டரி சும்மா இருக்கும்போது பன்னிரண்டு காட்டினால், அது முக்கால்வாசி காலி என்று நானா பிறகு எனக்கு விளக்கினார். நிறைந்த பெட்டரி பன்னிரண்டே முக்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். நிறைவுக்கும் வெறுமைக்கும் நடுவே ஒரு வோல்ட்கூட இல்லை. அதுவும் வண்டி நின்ற கையோடு பார்த்தால் கூட்டித்தான் காட்டும், ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். நான் எதையும் ஆறவிட்டுப் பார்த்தவளில்லை, மனிதர்களையும் சேர்த்து.

ஆனால் அந்தக் காலையில் என் மனதில் ஓடியது வேறு. கெட்டுப்போன மருந்து நிறம் மாறாது. போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, அம்மை வரும் நாளில் காப்பாற்றாது, அவ்வளவுதான். பிள்ளையின் ஊசிக் கார்டில் என் கையெழுத்து விழுந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்கள் இனி இந்த வண்டியின் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். ஊசிக்குழாயைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நானா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே வைத்துவிட்டு வாசல் படிக்கு வந்தேன். மருந்து கெட்டுப்போய்விட்டது, இன்று போட முடியாது, இவர் சரிபார்க்கக் கேட்டார், நான்தான் விடவில்லை, பிழை என்னுடையது என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. வரிசை கலைந்தது. “இதுக்குத்தான் கூப்பிட்டாங்களா,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மேல் லயத்துக்காரி மட்டும் போகவில்லை. கடைக்குட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு படிக்குக் கிட்ட வந்தாள்.

“மருந்து கெட்டுப்போகும்னு இன்னைக்கு வரைக்கும் யாருமே எங்ககிட்ட சொன்னதில்லீங்க மிஸ்ஸி,” என்றாள். “மூத்தவளுக்கு இதே ஊசி போட்டாங்க, கார்டுகூட இருக்கு. பொறவும் அம்மை வந்து காது கேக்காமப் போச்சு. ஊசி போட்ட பிள்ளைக்கு அம்மை வராது, நாந்தான் சரியாப் பாத்துக்கலன்னாங்க. அந்த மருந்தும் இப்பிடிக் கெட்டதா இருந்திருக்குமா?”

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

“இருந்திருக்கலாம்,” என்றேன்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு முகத்தைத் துடைத்தாள்.

“அப்ப, எம்மேல தப்பில்ல,” என்றாள்.