பாட்டுப் புஸ்தகக்காரன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பரமத்தி வேலூருக்கு வெளியே ஒரு டெண்ட்டு சினிமாக் கொட்டகை வந்து இறங்கியது. எனக்கும் என் சிநேகிதிக்கும் அப்போது பதினாறு வயது. அவள் வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால், அதையொட்டி எங்கள் வாழைத் தோட்டம். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வண்டியில் முதல் ஆட்டத்துக்குப் போவோம்.

கொட்டகையில் பாட்டுப் புஸ்தகம் விற்க ஒரு வாலிபன் இருந்தான். விற்கும்போதே முதல் அடியைப் பாடிக் காட்டுவான். அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

சில வாரங்களில் அவன் பார்வை அவள் பக்கம் திரும்பியது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் துணைக்குப் போனேன். அவர்கள் கொடிக்காலுக்குள் நின்று பேசுவார்கள். நான் வாய்க்கால் மேட்டில் காவல்.

ஒரு மத்தியானம் அவளுடைய அண்ணன் எங்கள் கண்ணில் படாமல் பின்பக்கமாக வந்துவிட்டான். பாட்டுப் புஸ்தகக்காரன் வேலி தாண்டி ஓடினான். அவள் அழுதுகொண்டே, ஆனால் ஒரு வார்த்தை தடுமாறாமல் சொன்னாள்:

"இவதாண்ணா அவனப் பாக்க வந்தா. நான் துணைக்கு வந்தனுங்க. அவன் மேல ஆசைன்னு இவளே எங்கிட்டச் சொன்னா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள்.

"அப்படிச் சொன்னயா?" என்றார் அப்பா.

சொன்னது நிஜம். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குமேல் நான் பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை.

வந்த முதல் முகூர்த்தத்திலேயே மேச்சேரிப் பக்கம், பெண்டாட்டி செத்துப்போன ஒருவருக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். போன அன்றே இரண்டு பிள்ளைகளையும் ஒரு பட்டி ஆட்டையும் என்னிடம் விட்டார்கள். அவளை நாமக்கல்லில் பஸ் வைத்திருந்த குடும்பத்தில் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு விசேஷத்துக்கு நாமக்கல் போயிருந்தேன். பிள்ளைகள் படம் பார்க்க வேண்டுமென்று நச்சரித்தார்கள். இடைவேளையில் அவள் எதிரே வந்தாள். கழுத்து நிறைய நகை, பக்கத்தில் புருஷன்.

"யாரு?" என்று அவர் கேட்டார்.

"எங்க ஊருப் புள்ளதானுங்க. தோட்டத்துப் பக்கம் பாத்திருக்கறனுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் இருவரும் நாற்காலி வரிசைக்குப் போய்விட்டார்கள்.

நான் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். மீதிப் படம் போச்சே என்று வழியெல்லாம் அழுதார்கள். சின்னவனை முதுகில் ஓங்கி அறைந்தேன்.