கூடுதலாக ஒரு பாட்டில்

கஸ்தூரி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் அவருடைய பையில் பதினோரு பிளாஸ்டிக் பாட்டில்கள் இருக்கும். பத்து காலி. பதினோராவதில் மட்டும், அவர் வேலை பார்த்த கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர். ஊர் ஊராகப் போய்க் கைப்பம்புகளில் பத்தையும் நிரப்பிக்கொண்டு, அந்த ஒன்றைத் திறக்காமலே திருவண்ணாமலைக்குத் திரும்பக் கொண்டுவருவார்.

"இன்னா மேடம், தண்ணிய இட்டுனு போயி ஊர் சுத்திக் காட்டிட்டு இட்டுனு வர்றீங்க? அதுக்கும் டிக்கெட் போடட்டா?" என்பான் கண்டக்டர் காசி.

"போடு. சின்னப் பாட்டில்தானே, அரை டிக்கெட்."

ஒருநாள் கூட்டம் கம்மியாக இருந்ததால் கஸ்தூரி அவனுக்கு விளக்கம் சொன்னார். "அந்தத் தண்ணியில ஒண்ணுமே இல்லன்னு எனக்குத் தெரியும். திரும்பி வந்தப்புறம் அதுல ஏதாச்சும் இருந்துதுன்னா, தப்பு கெணத்துல இல்ல, எங்கிட்டன்னு அர்த்தம்."

மாவட்டம் தனியாகப் பிரிந்த 1989-ஆம் வருடம் தொடங்கிய வேலை அது. கஸ்தூரி அப்போது டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர் அல்ல, மாணவர்களின் சோதனைகளுக்கு ரசாயனம் கலந்து கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்பவர். கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் அவருடைய அக்காளைக் கட்டிக்கொடுத்த கிராமத்தில், பள்ளிப் பிள்ளைகள் சிரித்தால் பற்களில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. பெரியவர்கள் நாற்பது வயதிலேயே முதுகை நிமிர்த்த முடியாமல் நடந்தார்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு ஜாஸ்தி இருந்தால் அப்படி ஆகும் என்று கஸ்தூரி படித்திருந்தார். சிவப்புச் சாயம் ஒன்றை அந்தத் தண்ணீரில் விட்டால், உப்பின் அளவுக்கேற்ப அது வெளுத்து மஞ்சளாகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பம்பில் மூன்றரை இருந்தது.

வேங்கிக்காலில் இருந்த குடிநீர் அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டு போனார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "ஒரே ஒரு லேப் சொல்றத வச்சு ஊர் பம்ப மூட முடியாதும்மா. இன்னும் ரெண்டு லேப் இதே நம்பர சொல்லட்டும், நானே முன்ன நின்னு மூடறேன்" என்றார்.

அந்த இரண்டு லேபும் கடல் கடந்து கிடைத்தன. 1994-இல் சென்னையில், தெற்காசிய, தென்கிழக்காசிய நாடுகளின் நீர் வேதியியலாளர்கள் கூடினார்கள். துறைத்தலைவர் பலராமன் போக முடியாததால் கஸ்தூரி போனார். கையெழுத்தில் எழுதிய அட்டையைச் சுவரில் ஒட்டிவிட்டு ஓரமாக நின்றவரிடம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கண்டியிலிருந்து வந்த விமலசேன. இன்னொருவர் தாய்லாந்தின் சியாங்மாயிலிருந்து வந்த நித்தயா. இரண்டு ஊர்களிலும் அதே பழுப்புப் பற்கள்! அன்று மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு பேசி முடித்தார்கள். மூன்று ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் மூவரும் அளப்பது. தண்ணீர் பிடிக்க வேண்டிய காலிப் பாட்டில்களை அவரவர் லேபிலிருந்தே அனுப்புவது. அடுத்த மாநாட்டில் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

அடுத்த மாநாடு 1997 ஜனவரியில், புதுச்சேரியில். கஸ்தூரி தம் பக்கத்தில் எழுபத்திரண்டு கிணறுகளை அளந்து முடித்திருந்தார். கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த வாரம் கண்டியிலிருந்து உறை வந்தது; சியாங்மாயின் எண்கள் முன்பே வந்திருந்தன. அறுபத்திரண்டு கிணறுகளில் மூன்று லேபும் ஒன்றையே சொல்லின. மீதி பத்தில் கண்டியும் சியாங்மாயும் ஒத்துப்போயின. கஸ்தூரியின் எண் மட்டும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதல். பத்தும் அக்டோபரில் எடுத்தவை. பள்ளிக்கூடத்துப் பம்பு அந்தப் பத்தில் இருந்தது.

கஸ்தூரி அலமாரியைத் திறந்து அக்டோபர் மாதத்தின் பதினோராவது பாட்டிலை எடுத்தார். கூடுதல் பாட்டில்களை அவர் சீல் வைத்து அடுக்கிவைப்பார். சந்தேகம் வந்தால்தான் திறப்பது. ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அந்தத் தேவை வந்ததில்லை. சாயத்தை விட்டார். ஒன்றுமில்லாத தண்ணீரில் சிவப்பு சிவப்பாகவே நிற்க வேண்டும். கண்முன்னே அது ஆரஞ்சாக மாறியது.

மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். உள் வளையத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. விரலால் தேய்த்ததுமே தெரிந்துவிட்டது. திருநீறு.

ஆயுதபூசைக்கு லேப் உதவியாளர் அப்பாதுரை எல்லாக் கருவிகளுக்கும் பட்டை போடுவார். அந்த வருடம் மாநாடு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கோயிலிலிருந்து திருநீறு வாங்கி வந்தவரே கஸ்தூரிதான். "பாட்டிலுக்கும் போடுங்கண்ணே" என்று சொன்னதும் அவர்தான். அப்பாதுரை தாராளமான கை. ஈர விரலால் மூடிகளில் அப்பியது உள்ளேயும் போயிருந்தது. சாம்பலில் இருக்கும் பாஸ்பேட், ஃப்ளோரைடைப் போலவே சாயத்தை வெளுக்கச் செய்யும்.

அப்பாதுரைக்கு முகம் செத்துப்போயிற்று. "பூசை போட்டது தப்பாம்மா?"

"பூசை தப்பில்லண்ணே. சாமி வெளிய இருக்கணும், தண்ணி உள்ள இருக்கணும். நாமதான் கலக்கிட்டோம்."

பலராமன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அந்தப் பத்தையும் எடுத்துடு கஸ்தூரி. பாட்டில் ஒழுகிடுச்சுன்னு எழுதிக்கலாம். அறுபத்திரண்டு போதாதா? திருநீற பாட்டில்ல போட்டோம்னு வெளிநாட்டுக்காரங்க முன்னாடி சொன்னா நம்ம அறுபத்திரண்டையும் எவன் நம்புவான்?"

"அந்தப் பத்துலதான் சார் ஸ்கூல் பம்பு இருக்குது."

"தெரியும். அதுக்காக எல்லாத்தையும் உட்டுடப் போறியா?"

மறுநாள் கஸ்தூரி அட்டையில் எழுபத்திரண்டு எண்களையும் எழுதினார். அடியில் எழுபத்துமூன்றாவதாக அந்தக் கூடுதல் பாட்டிலின் எண்ணையும் எழுதினார்.

புதுச்சேரியில் அவர் மேடை ஏறியபோது மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருநாள் கருவிகளைக் கும்பிடுவோம் என்று ஆரம்பித்து, மூடியில் இருந்த சாம்பல் வரைக்கும் எளிய ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பலராமன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கிணறுகளையும் மறுபடி அளக்கச் சம்மதம் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கஸ்தூரி நின்றார்.

விமலசேன எழுந்தார். "அந்தப் பதினோராவது பாட்டிலை எதற்கு வைத்திருந்தீர்கள்?"

கண்டக்டர் காசியிடம் சொன்னதையே கஸ்தூரி சொன்னார். தப்பு கிணற்றிலா, என்னிடமா என்று தெரிந்துகொள்ள.

விமலசேன மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "என் லேபில் அப்படி ஒரு பாட்டில் கிணறு வரைக்கும் போய் வருவதில்லை. இங்கே யாருடைய லேபில் போகிறது?"

மூன்று கைகள் எழுந்தன.

"அப்படியானால் நம் எண்கள் சரி என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த அம்மாவுக்குத்தான் தெரியும்."

சிரிப்பு நின்றுபோனது. நித்தயா அடுத்து எழுந்து, புது வருடத்தன்று எங்கள் கருவிக்கு நாங்கள் மல்லிகை மாலை போடுகிறோம், ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்த மாலையைச் சோதிக்கிறேன் என்றார். இப்போது எழுந்த சிரிப்பில் கஸ்தூரியும் சேர்ந்துகொண்டார். கைதட்டல் பின்வரிசையிலிருந்துதான் தொடங்கியது.

மாநாட்டின் கடைசி நாள் எல்லோரும் கடற்கரை பார்க்கப் போனபோது, விமலசேனவும் நித்தயாவும் கஸ்தூரியோடு செஞ்சி வழியாகப் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்தார்கள். மறுநாள் காசியின் பஸ்.

"இன்னா மேடம், இன்னிக்கு ஆளுங்களையே இட்டுனு வந்துட்டீங்க! ஊர் சுத்திக் காட்டவா?"

"இவங்களுக்கு முழு டிக்கெட்டே போடு."

பத்துப் பம்புகளிலும் மூவரும் சேர்ந்து தண்ணீர் பிடித்தார்கள். அப்பாதுரை பதினோராவது பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருவரையும் தொடவிடாமல் நின்றார்.

மூன்று வாரத்தில் எண்கள் வந்தன. பள்ளிக்கூடத்துப் பம்பில் கண்டி மூன்று புள்ளி நான்கு, சியாங்மாய் மூன்று புள்ளி ஐந்து, திருவண்ணாமலை மூன்று புள்ளி நான்கு. மூன்று கையெழுத்தோடு வேங்கிக்காலுக்குப் போன காகிதத்தைப் படித்துவிட்டு, அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சித்திரையில் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நல்ல தண்ணீர் உள்ள இன்னொரு கிணற்றிலிருந்து குழாய் வந்தது. முதல் நாள் குழாயடியில் அக்காளின் மகள், சித்தி கஸ்தூரியின் தலையிலேயே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள்.

அதன் பிறகு ஆயுதபூசைக்கு அப்பாதுரை பாட்டில்களை அலமாரியில் பூட்டிவிட்டு, பூட்டுக்குப் பட்டை போட்டார்.

2004-இல் அந்த மாநாட்டுக்காரர்கள் ஒரு கையேடு அச்சிட்டார்கள். பத்துக் கிணற்றுக்குப் போகிறவர் பதினோரு பாட்டில் எடுத்துப்போக வேண்டும் என்பது அதில் முதல் விதி. கண்டி லேபில் பதினோராவதின் பெயர் 'கஸ்தூரி'. கையேடு வந்தபோது கஸ்தூரி அதைப் புரட்டிப் பார்த்து, "அரை டிக்கெட்டுன்னு போடாம உட்டுட்டாங்க" என்றார்.

2007 மார்கழியில் கஸ்தூரி காலமானார். பத்து நாள் கழித்து விமலசேனவிடமிருந்து கல்லூரி லேபுக்குக் கடிதம் வந்தது. துக்கம் விசாரித்து எழுதிய நான்கு வரிக்குக் கீழே, அன்றைய தேதியிட்டு இன்னொரு வரி இருந்தது.

'இன்று கஸ்தூரியைத் திறந்து பார்த்தோம். சிவப்பாகவே நிற்கிறது.'