படகுக்கும் ஒரு கன்னி மூலை

கோச்சடை வீட்டில் கார் நிற்க வேண்டிய ஷெட்டில் எங்களுக்கு ஒரு பாய்மரப் படகு நின்றது. மதுரையில் இருந்துகொண்டு படகு வாங்கிய மனிதர் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு தொண்டிப் பக்கத்திலிருந்து பழைய படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மினி வேன் நீளம்தான் இருக்கும். அதில் நாலு நாள் கடலில் தங்கி வருவதாகத் திட்டம்.

அவ்வளவு சின்ன இடத்தில் சாமான் வைக்க அவர் கண்டுபிடித்த வழிகளைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் பெட்டி. பிவிசி குழாயை அறுத்துப் பக்கச் சுவரில் பொருத்தி, அதற்குள் டார்ச், கரண்டி, தீப்பெட்டி. வெங்காயத்துக்குக் கூரையில் தொங்கும் வலை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டுகளை வெட்டிப் பை பையாகத் தைத்தது நான். தைக்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் கடலில் உட்கார்ந்து காபி குடிப்பதாக நினைத்துக்கொள்வேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோடு தனியாக எங்கேயும் போனதில்லை. போக வேண்டுமென்று வெறியாகவே இருந்தது.

தண்ணீர் கேன், அரிசி, சிலிண்டர், டூல்ஸ் பெட்டி என்று கனமானதையெல்லாம் ஒரே மூலையில் அடுக்கினார். படகின் மூக்கு கிழக்கே பார்த்து நின்றதால் வலது பின்பக்கம்தான் தென்மேற்கு, கன்னி மூலையாம். வீட்டில் பீரோ வைப்பது போல.

"தண்ணியில திரும்புனா தெக்கும் வடக்கும் மாறிராதா?" என்றேன்.

"வாஸ்துல வாய வைக்காத."

அடுக்கி முடித்ததும் கேட்டேன். "நான் எங்கங்க படுக்குறது?"

"நீயா? நானும் என் தம்பியும்ல போறோம். ஒனக்கு எங்க இடம் இருக்கு, நீயே பாரு."

பார்த்தேன். ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் இருந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் நிறைந்து கிடந்த ஒரு கண்மாயில் வெள்ளோட்டம். அண்ணனுக்கும் தம்பிக்கும் சோறு கட்டிக்கொண்டு நானும் போனேன். தண்ணீரில் இறக்கியதும் படகு வலப்பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, கேனத் தூக்கி இந்தப் பக்கம் வச்சிருவோம்" என்றான் கொழுந்தன்.

கன்னி மூலையில் வைத்ததை எடுக்கக் கூடாதென்று இவர் ஒரே பிடியாக நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ வா. ஏறி இடது பக்கம் உக்காரு."

ஏறினேன். படகு நிமிர்ந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. இடம் கிடைத்துவிட்டதென்றே நம்பினேன். கண்மாயை ஒரு சுற்று வந்தோம். "அசையாம இரு" என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எடை மெஷினை எடுத்துவந்து, கொழுந்தன் முன்னால் என்னை ஏறி நிற்கச் சொன்னார். என் எடைக்கு மணலை ரெண்டு சாக்கில் கட்டினார். படகில் நான் உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கி, அடிப்பெட்டிக்குள் இரண்டையும் இறக்கினார்.

"அம்புட்டு மணலுக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா?" என்றேன்.

"மணலுக்குச் சோறு போட வேணாம். வாயும் பேசாது."

கொழுந்தன் சிரித்தான். அவனை அன்றைக்கு விளக்குமாற்றால் சாத்தியிருக்க வேண்டும்.

படகோடு லாரி கிளம்பிய காலையில், அது தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "என்னக்கா, நீங்க போகலையா?" என்று கேட்டாள்.

"போயிட்டேனே" என்றேன். "ரெண்டு சாக்குல."