புத்தளம் போகிற முந்திரி மெஷின், சிதம்பரம் வழியாக

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபத்திரண்டு வருடமாக முந்திரிக் கொட்டை உடைக்கிற மெஷின் செய்து விற்கிறேன். எனக்கு முந்திரி உடைக்கத் தெரியாது. என் கை பட்டால் பருப்பு நாலு துண்டு. எங்கள் ஊர் காடாம்புலியூரில் இது எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த 2010 மே மாதம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு போன். பேசியவர் நிஸாம் பாய், இலங்கையில் புத்தளத்துக்காரர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். அங்கே சண்டை ஓய்ந்ததும் பணம் போட்டு முந்திரி உடைக்க ஷெட் கட்டிவிட்டார். எட்டு மெஷின் வேண்டும். வேறொரு தேசத்து மெஷினுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, தான் தங்கப்போகிற சிதம்பரம் லாட்ஜுக்கு வந்து ஓட்டிக் காட்ட முடியுமா, மறுநாள் பிளேன் என்றார். என் பட்டறையில் மூன்று மாதமாக ஒரு ஆர்டர் கிடையாது. முடியாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

உடைத்துக் காட்ட ஆள் வேண்டுமே. என் வீட்டுக்காரி அஞ்சலையைக் கூட்டிக்கொண்டேன். அவள் உடைத்தால் பருப்பு முழுசாகத்தான் விழும்.

காலை 5.40க்குப் பண்ருட்டி பஸ். பத்து கிலோமீட்டர், ஆளுக்கு நாலு ரூபாய். மெஷின் முப்பத்தெட்டு கிலோ. தலையைத் தனியாக, ஸ்டாண்டைத் தனியாகக் கழற்றி இரண்டு சாக்கில் கட்டியிருந்தேன். வடலூர் வழியாகப் போனால் சிதம்பரம் கிட்டம்தான். பிளேடைச் சாணை பிடிக்கக் கடலூரில் கொடுத்திருந்ததால் எங்களுக்குச் சுற்றுவழி. நீங்கள் வடலூர் வழியாகவே போங்கள்.

பண்ருட்டியில் கடலூர் பஸ் ஏறியதும் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இன்னா மாமா, உள்ள ஆளா?”

“மெஷினுப்பா. ஃபாரின் போவுது.”

“ஃபாரின் போறது கடலூர் டவுன் வரிக்கும் நம்ம பஸ்லதான் போவுமா? லக்கேஜ் டிக்கெட் எடு.”

“அது நின்னுகினுதான வருது, அரை டிக்கெட்டா போடு தம்பி,” என்றாள் அஞ்சலை.

பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் என்னவோ முழுசுதான், ஒன்பது ரூபாய்.

கடலூரில் ஏழரைக்கு இறங்கி, இட்லி தின்று, பிளேடை வாங்கிக்கொண்டு 8.20க்குச் சிதம்பரம் பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய், மெஷினுக்கும் பதினைந்து. சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை இறக்கினார்கள். “இதுக்கு நம்ம கொட்டை எண்ணெ நாத்தமே தேவல” என்று அஞ்சலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

லாட்ஜ் மேனேஜர் சாக்கைப் பார்த்ததுமே ரூமுக்குள் கூடாது, தரை கறையாகிவிடும் என்றார். நியாயம்தான். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தரையும் கறுக்கும், தோலும் வெந்துவிடும். மெஷினைக் கார் ஷெட்டில் மாட்டினேன். நிஸாம் பாய் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். அஞ்சலை கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். இருபது கொட்டை. பத்தொன்பது முழுப் பருப்பு. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

“மாஷா அல்லாஹ்! அக்காட கை மிச்சம் நல்லம்,” என்றார் பாய். “ஆனா அக்காவ நான் புத்தளத்துக்கு ஏத்திட்டுப் போக ஏலாதே. என்ட ஷெட்டுக்கு வாறது எல்லாம் புது ஆக்கள். நானா, நீங்க ஒருக்கா ஒடச்சுக் காட்டுங்க.”

நானா என்றால் அவர்கள் பக்கம் அண்ணன், மிச்சம் என்றால் ரொம்ப. அஞ்சலை ஷெட்டுக் கூரையைப் பார்த்தாள். நான் மேனேஜரைப் பார்த்தேன். எட்டு மெஷினும் கண்ணெதிரே கடலில் இறங்குவது போல இருந்தது. பொய் சொல்லியும் பிரயோஜனமில்லை, மெஷின் எதிரிலேயே நிற்கிறது.

“எனக்கு ஒடைக்கத் தெரியாது, பாய்.”

“நீங்கதானே செஞ்சது?”

“செய்யத்தான் தெரியும்.”

பாய் மெஷின் முன்னால் உட்காரக் கை காட்டினார். “அப்ப நீங்கதான் சரியான ஆள். இருங்க.”

“வெளக்கெண்ண தடவிக்க மாமா,” என்றாள் அஞ்சலை. வேண்டாம் என்றேன். முதல் ஐந்து கொட்டையும் தூள்.

“மாமா, இது சம்மட்டி இல்ல. கால மொதல்ல அமுக்கு. டக்குனு ஒரு சத்தம் வரும், அங்கியே நிறுத்திக்க. அப்பறம் கைப்பிடியத் திருப்பு. அவசரம் இன்னா, பஸ்ஸு போயிடுமா?”

மிதியைக் காலால் அமுக்கினேன். டக். மெல்ல, விரலில் சொடக்கு எடுத்தது போல. ஓடு பிளந்து பருப்பு முழுசாக விழுந்தது. அந்தச் சத்தம் வருகிற மாதிரி பிளேடை வளைத்தவன் நான்; அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன். வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னும் இருபது உடைத்தேன். மேனேஜர் ஏலக்காரர் மாதிரி சத்தம் போட்டு எண்ணினார். பதினான்கு முழுசு!

பாய் பருப்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “நானாவுக்கே வருதெண்டா என்ட ஆக்களுக்கு வராதா? எட்டும் அனுப்புங்க. அக்காவ ஏத்த ஏலாதுண்டு சொன்னன், பேச்ச மாத்துறன். நானா மெஷின் பூட்டணும், அக்கா பத்து நாள் பழக்கிக் குடுக்கணும். ரெண்டு பேரும் வாங்க.”

இரண்டு நாட்டு வியாபாரம் என்று பேப்பரில் போட்டால், அது பெரிய கம்பெனிக்காரன் கதை என்று பக்கத்தைப் புரட்டி விடுவேன். ஐந்தாவதோடு நின்றவனுக்கு அதெல்லாம் என்னத்துக்கு? இப்போது அந்த வியாபாரத்தில் எட்டு மெஷின் என்னுடையது. இந்தியாவில் செய்தது என்று சான்று இருந்தால் அங்கே சுங்க வரி குறையும், இரண்டு அரசாங்கமும் பேசி வைத்த ஏற்பாடு என்று பாய்தான் சொன்னார். அதில் ஊர் பெயர் காடாம்புலியூர் என்று எழுத வேண்டுமாம். பஸ்ஸில் திரும்பும்போது அதை அஞ்சலையிடம் மூன்று தடவை சொன்னேன். “நாலாவது தடவ கண்டக்டர்கிட்ட சொல்லு, டிக்கெட் கொறைப்பாரு,” என்றாள்.

மெஷினோடு போகிறவர்களுக்கு: லாட்ஜுக்கு முன்னாடியே போன் செய்து இடம் கேளுங்கள். விலை எழுதும்போது இந்திய ரூபாய் என்று எழுதுங்கள், அவர்கள் காசும் ரூபாய்தான். உடைக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் சேர்த்தே கூட்டிப் போங்கள். விளக்கெண்ணெய் தடவச் சொன்னால் தடவிக்கொள்ளுங்கள்.

கடலூரில் மூன்றரைக்கு இறங்கி, மஞ்சக்குப்பத்தில் பாஸ்போர்ட் பாரம் வாங்கினோம். பக்கத்து ஸ்டூடியோவில் கையோடு போட்டோவும் எடுத்தோம். வியர்வை துடைத்த புறங்கையில் ஓட்டு எண்ணெய் இருந்திருக்கிறது. மூக்குக்குக் கீழேயிருந்து வலது காது வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு. ஸ்டூடியோக்காரர் எனக்கு அது பிறவி மச்சம் என்று நினைத்துக்கொண்டார். அஞ்சலை சிதம்பரத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாஸ்போர்ட் போன வாரம் வந்துவிட்டது. கோடு நாலு நாளில் தோலோடு உரிந்து போனது. பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குச் செல்லும்.