மச்சானுக்கு நான் போட்ட மாலை

ஆள் உயர ரோஜா மாலை அது. பண்ருட்டியில் சொல்லிக் கட்டி, என் காரிலேயே ஏற்றி வந்தேன். எங்கள் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஆள் ஓய்வு பெற்றால், உடன் வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேளத்தோடு குவார்ட்டர்ஸ் வரை கொண்டுபோய் விடுவார்கள். காண்ட்ராக்ட் கூலிக்கு அதெல்லாம் கிடையாது. மறுநாள் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள், அவ்வளவுதான். என் மனைவியின் அண்ணன், என் மச்சான், காண்ட்ராக்ட் கூலியாகவே வேலை வயதை முடித்தவர். அவருக்கு அந்தச் சடங்கைச் செய்து பார்க்க நினைத்தேன். மரியாதைக்காக இல்லை, சிரிப்பதற்காக.

நான் ஐந்தாவது தாண்டாதவன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரே லுங்கியோடு வந்து மண்வெட்டி பிடித்தேன். இன்று அதே மைன்ஸில் காண்ட்ராக்டர், மூன்று லாரி, டவுன்ஷிப்புக்கு வெளியே இரண்டு மாடி வீடு. இன்ஜினியர்களே எனக்கு நாற்காலி போடச் சொல்வார்கள். யாரும் கொடுக்கவில்லை, எல்லாம் நானே எடுத்துக்கொண்டது. எடுத்ததில் மச்சானுடையதும் ஒன்று உண்டு.

மச்சான் என் ஆட்களில் ஒருவராக, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை அள்ளிக்கொண்டிருந்தார். ஓடுகிற பெல்ட்டின் சத்தத்தை வைத்தே எந்த உருளை இறுகுகிறது என்று சொல்லிவிடுவார். இறுகிய உருளை சூடேறினால் பெல்ட்டே தீப்பிடிக்கும். என் பகுதியில் ஒருநாளும் பிடித்ததில்லை. நல்ல பெயர் எனக்கு. நெடுநாள் கூலிகளை பெர்மனென்ட் ஆக்க ஆபீஸில் பெயர் கேட்டபோது, அவர் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் போய்விட்டால் யாரை வைத்து வேலை வாங்குவது? “படிப்பு இல்லன்னு தள்ளிட்டாங்க மச்சான்” என்றேன். “சரி மாப்ள” என்றார். அன்றும் ஆட்களோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஓட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரியும்.

கடைசி நாள், ஷெட் வாசலில் எல்லோரையும் கூட்டி மாலையைப் போட்டேன். “இன்னா மச்சான், பெர்மனென்ட் ஆவாமலே ரிட்டையர் ஆயிட்டீங்க! குவார்ட்டர்ஸ் எந்த பிளாக்கு? சொன்னா மேளத்தோட வுட்டுட்டு வர்றோம்.”

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ரெண்டு வார்த்த பேசுண்ணே!” என்று ஒருவன் கத்தினான்.

“இன்னாத்த பேசறது? கழுத்து வலிக்குதுடா. மாப்ளைக்குத் தாராள மனசு” என்று அவரும் சிரித்தார்.

பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போய், மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“எம் பேர எடுத்தது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும் மாப்ள. ஆபீஸ்ல டீ குடுக்கறவன் சொல்லிட்டான்.”

யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

“பயப்படாதீங்க. தங்கச்சிகிட்ட சொல்லல. தெரிஞ்சா உங்க வூட்டுல ஒரு வாய் சோறு துன்னமாட்டா. அதயே நெனச்சிகினு இருந்தா எனக்கும் தூக்கம் வராது. அன்னிக்கே வுட்டுட்டேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலு பேர் எதிரில் செருப்பால் அடித்திருந்தால்கூட அன்றோடு கணக்குத் தீர்ந்திருக்கும்.

இப்போதும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறார். நேராகச் சமையலறைக்குப் போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நான் கூடத்தில் டிவியை நிறுத்திவிட்டு அசையாமல் இருப்பேன். அவர் சொல்லமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் உள்ளே பேச்சு கொஞ்சம் தணிந்தால் காதைத் தீட்டிக்கொள்கிறேன். “அண்ணன் கெளம்புது, வாங்க” என்று மனைவி கூப்பிடுவாள். எழுந்து போய், அவரை வழியனுப்புவதற்கு முன்னால், அவள் முகத்தைப் பார்ப்பேன்.